டைரக்ட் கொடுத்த லைட்

அன்று காரில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டுகிற இடத்தில் மாமா, அவர் பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மாவும் அக்காவும், இருவருக்கும் நடுவில் நான். வந்திருக்க வேண்டியவர், வராதவர், பெரியப்பா. காரில் ஏறினால் தனக்கு வாந்தி வரும் என்று சொல்லிவிட்டு மத்தியானமே டவுன் பஸ் பிடித்துப் போய்விட்டார். பஸ்ஸில் வராத வாந்தி காரில் மட்டும் எப்படி வரும் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு வரை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். அதனால் என் கேள்விகளுக்கு ஒரு மரியாதை இருந்தது. பதில்தான் வராது.

அக்காவின் நிச்சயத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஓசூரில்தான் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை. ஆனால் அவருடைய தாத்தா ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் கண்ணெதிரே தட்டு மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டதால் பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கெலவரப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த ஊர் அப்பாவுக்கும் சொந்த ஊர்தான். பேக்டரியில் வேலை கிடைத்து அப்பா வெளியே வந்துவிட்டார். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். அவரும் மாப்பிள்ளையின் அப்பாவும் பெரிய வீதிக்காரர்களின் நிலத்தில்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் காலனிக்குத் தனி ரோடு கிடையாது. வண்டி என்று ஒன்று போனால் பெரிய வீதி வழியாகத்தான் போக வேண்டும். அதுவரை அந்த வழியாகக் காலனிக்குப் போன வண்டிகள் இரண்டே வகை: கரும்பு டிராக்டர், ஓட்டுக் கேட்கிற ஜீப். காலனி ஆட்கள் உட்கார்ந்து போகிற கார் என்று ஒன்று போனதில்லை.

பெரியப்பா கிளம்புவதற்கு முன் அப்பாவை வாசலுக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். வீதிக்காரர்கள் தோட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நாலு மணிக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள். முடியாவிட்டால் பால் சொசைட்டியோடு காரை நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஒரு சின்னப் பேச்சு வந்தாலும் பையன் வீட்டார் தாங்க மாட்டார்கள், சம்பந்தம் நின்றுபோகும். இதுதான் அவர் சொன்னது. எனக்கும் காதில் விழுந்தது. தோட்டத்திலிருந்து மாடுகள் திரும்புகிற நேரத்தில் கார் குறுக்கே போனால் மாடு மிரளும், அதற்காகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குள் போய்ச் சேர எந்தத் தடையும் இருக்கவில்லை, காரின் உள் லைட்டைத் தவிர.

அந்தக் கார் மாமாவுடையது. ஜூஜுவாடியில் செக்போஸ்ட் பக்கத்து ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் ஏதோ ஒரு பங்களாவில், மாமரத்தடியில், கோழி அடைந்துகொண்டிருந்த காரைப் பேசி வாங்கி, அத்திப்பள்ளி வரை கயிறு கட்டி இழுத்து வந்து உயிர் கொடுத்ததாகச் சொல்வார். கறுப்பு நிறம், உருண்டை முதுகு, ஒவ்வொரு கதவும் பீரோ கதவு கனம். என் அப்பாவைவிட அந்தக் காருக்கு வயது கூட என்று மாமா சொல்வார். அப்பா அதை மறுக்கவும் மாட்டார், ரசிக்கவும் மாட்டார். கூரையின் நடுவில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்ன லைட். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். ஸ்டாண்டில் நின்ற மற்றக் கார்களில் அது செத்துப்போயிருந்தது. மாமாவின் காரில் மட்டும் உயிரோடு இருந்ததால் அதுதான் அவருக்குப் பெருமை.

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த லைட் எரியவில்லை.

நிச்சயத்தன்று மத்தியானம்தான் மாமாவுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நிற்கும், கதவு திறக்கும், லைட் எரியும், அந்த வெளிச்சத்தில் அக்கா இறங்குவாள். இந்தக் காட்சியை அவர் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“கதவத் தொறந்தா லைட்டு எரியணும்க்கா. அப்பத்தான் அது காரு. இல்லன்னா டெம்போ.”

அம்மா உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். பொழுதோடு போகிறவர்களுக்கு லைட் எதற்கு என்று அப்பா கேட்டார். பத்து நிமிஷ வேலை என்றார் மாமா. அவருடைய பத்து நிமிஷங்களைப் பற்றி அப்பாவுக்குத் தெரியும். ஆனால் மச்சினன் காரில் ஓசியில் போகிறவர் எவ்வளவுதான் பேச முடியும்? வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்த அப்பா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

மாமா முதலில் பல்பைக் கழற்றினார். இரண்டு முனையும் கூராக, சின்ன பென்சில் துண்டு போல இருந்தது. வெயிலில் தூக்கிப் பார்த்தோம். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. அடுத்தது ஃபியூஸ். ஹார்ன் அடிக்கிறது, அதற்கும் இதே ஃபியூஸ்தான், ஆகவே அது நல்லது. பிறகு இரண்டு ஒயர் தொங்கும் ஒரு டெஸ்ட் பல்பை எடுத்துக் கூரையில் வைத்துப் பார்த்தார். அது பளிச்சென்று எரிந்தது. கூரை வரை கரண்ட் வருகிறது.

அந்த வாரம்தான் எங்கள் சார் மின்சுற்று நடத்தியிருந்தார். போன கரண்ட் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். அதைச் சொன்னேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்படிச் சொல்லு மாப்ள” என்றார். காரில் கரண்ட் திரும்புவதற்குத் தனி ஒயர் கிடையாது, பாடித் தகரமே ஒயர் மாதிரிதான் என்று விளக்கினார். முன்கதவு மூடுகிற தூணில் ஒரு சின்ன பட்டன் உண்டு. கதவைத் திறந்தால் ஸ்பிரிங் தள்ளி அது வெளியே வரும், ஒயரைத் தகரத்தோடு சேர்க்கும், லைட் எரியும். கதவு மூடினால் பட்டன் உள்ளே போகும், சுற்று அறுந்துவிடும். எனக்குப் புத்தகத்தில் பார்த்த படம் எழுந்து நின்று நடப்பது போலிருந்தது.

இருவரும் தூண் பக்கம் குனிந்தோம். பட்டன் உள்ளே போனபடியே இருந்தது. அதன் மேல் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் சிவப்பு.

அப்பாவின் வேலைதான். அவருடைய பேக்டரியில் ஆயுத பூஜை என்றால் லேத்துக்கு மட்டும் பொட்டு வைத்து முடிக்க மாட்டார்கள். மெயின் சுவிட்சு, பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஆபீசில் இருக்கிற காலிங் பெல் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஒன்று விட்டுப்போனாலும் வருஷம் முழுக்க அந்த மெஷின் முகம் கொடுக்காது என்பது அங்கே நம்பிக்கை. அந்தப் பழக்கத்தில் மாமாவின் காருக்கும் அப்பா விரலைச் சந்தனத்தில் நன்றாக முக்கி, பட்டன் மாதிரி தெரிந்த எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். இரண்டு பக்கத் தூணிலும் இருந்த பட்டன்களையும் விடவில்லை. சந்தனம் சந்து வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்து சிமெண்டாகிவிட்டது.

“மச்சான், உங்க பக்தி சுவிட்சுக்குள்ளயே எறங்கிருச்சு” என்றார் மாமா.

அப்பா நடையை நிறுத்தவில்லை. மணி மூணரை ஆகிறது என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் புடவையிலிருந்து ஊக்கு வாங்கிச் சுரண்டினோம். மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டோம். ஊறுகிற நேரத்தில் அம்மா தாம்பூலத் தட்டை இரண்டு முறை பிரித்துக் கட்டினாள். அக்கா தலைப் பூ வாடுகிறது என்று பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள், பிறகு புடவை நனைந்துவிட்டது என்று வெயிலில் போய் நின்றாள். அப்பா வந்து பார்ப்பார், போவார், மறுபடி வருவார். மாமா பட்டனைக் குறடால் பிடித்து இழுத்தார். வந்தது. பின்னாலேயே ஸ்பிரிங்கும் துள்ளி வந்து சாக்கடையில் விழுந்தது. சரி, மறுபக்கம் இருக்கிறதே என்று அந்தத் தூணுக்குப் போனோம். அதில் பட்டன் வரவில்லை, தலை மட்டும் ஒடிந்து கையோடு வந்தது.

நாலரை. இதற்குள் நாங்கள் வீதியைத் தாண்டியிருக்க வேண்டும். விட்டுவிடு, கிளம்பலாம் என்று அப்பா மாமாவின் தோளைத் தொட்டார். அவர் யார் தோளையும் அப்படித் தொடுகிறவர் அல்ல.

“ஒரே நிமிஷம் மச்சான். டைரக்ட் குடுத்துர்றேன்.”

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கடைசி மருந்து அதுதான். சுவிட்சு போனால் சுவிட்சே வேண்டாம் என்று முடிவு செய்வது. மாமா தூணுக்குள்ளிருந்து ஒயரை வெளியே இழுத்து, முனையைப் பல்லால் சீவி, தகரத்தில் இருந்த ஒரு ஸ்குரூவுக்கு அடியில் சுற்றி முறுக்கினார். கூரையில் லைட் பளிச்சென்று எரிந்தது. நான் கை தட்டினேன். அக்கா சிரித்தாள். மாமா கதவை மூடினார். லைட் எரிந்தது. திறந்தார். எரிந்தது. நாங்கள் எதற்கும் இன்னொரு முறை மூடித் திறந்து பார்த்தோம்.

இனி அது அணையாது என்பது அப்பாவுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. அந்த ஒயரைப் பிடுங்கிவிடு என்றார். மாமா ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள்.

“நல்ல காரியத்துக்குப் பொண்ணக் கூட்டிட்டுப் போறப்ப எரியற வெளக்க அணைப்பாங்களா?”

மாமாவின் கை நின்றுவிட்டது. அப்படி ஒரு வாக்குக்கு எதிராக, நிச்சயத்தட்டு கண்ணெதிரே இருக்கும்போது, எந்த அப்பாதான் பேசுவார்? வீட்டில் டியூப் லைட்டை ஒரு நாளும் யோசித்து அணைத்தவளல்ல அம்மா. கரண்ட் பில்லுக்குப் பயந்து நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அணைக்கிறவள். அவளுக்கு விளக்கின் மேல் திடீரென்று வந்த இந்த மரியாதை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் கார் கிளம்பிவிட்டது, ஆச்சரியம் பின்னால் நின்றுவிட்டது.

கார் ரிப்பேரால் தாமதமானது போதாதென்று வழியில் மழைத் தூறல் வேறு. மேகம் கவிந்து, ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கியது. வெளியே இருட்ட இருட்ட உள்ளே நாங்கள் பிரகாசமானோம். முன்கண்ணாடி முழுக்க எங்கள் ஐந்து முகங்கள். ரோடே தெரியவில்லை, தன் மூஞ்சிதான் தெரிகிறது என்று மாமா புலம்பினார். அந்த மூஞ்சியைப் பார்த்து ஓட்டப் பழகாததால் கார் மாட்டு வண்டி வேகத்தில் போனது. அப்பா பால் சொசைட்டியோடு நிறுத்தச் சொன்னார். நாம் நடந்து போய்விடலாம், நீ காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் வா என்றார். சொசைட்டியும் வந்தது. அங்கே இறங்க அம்மா ஒப்பவில்லை. சேறு, புதுப் புடவை, நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருக்கிறது என்று மூன்று காரணம் சொன்னாள். மூன்றும் உண்மை. மாமா யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கியரைப் போட்டார். கார் பெரிய வீதிக்குள் நுழைந்தது.

தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள், வாசலில் கால் கழுவுகிறவர்கள், மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வீதியில் கரண்ட் இல்லை. எரிந்துகொண்டிருந்த ஒரே லைட் எங்களுடையது.

அப்பா இருக்கையில் திரும்பி, கையை உயர்த்தி, உள்ளங்கையால் லைட்டைப் பொத்தினார். விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. நகத்தைச் சுற்றி லேத் கறை இருந்தது கூடத் தெரிந்தது. பல்பு மூடி சுடும், எனக்குத் தெரியும், மத்தியானம் தொட்டுப் பார்த்திருந்தேன். அப்பா கையை எடுக்கவில்லை. கார் ஊர்ந்தது.

“கைய எடுங்க” என்றாள் அம்மா. “என்னத்த திருடிட்டா போறோம்?”

அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளிச்சம் திரும்ப எங்கள் மேல் விழுந்தது. அக்கா தலை குனியப் போனாள். அம்மா என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அவள் முதுகைத் தட்டினாள், நிமிர்ந்து உட்கார் என்பது போல.

மளிகைக் கடை முன்னால் ஒரு பெரியவர் கைத்தடியை உயர்த்தினார். மாமா நிறுத்தினார். அப்பா கதவைத் திறந்து இறங்கினார். கதவு திறந்திருக்க லைட் எரிய வேண்டும் என்ற முறைப்படி அந்த வீதியில் அது சரியாக வேலை செய்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

“ஏனப்பா, யாரு காரு?” என்றார் பெரியவர். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். குனிந்து உள்ளே பார்த்தார். என்னை, அக்காவை, தட்டை, கடைசியாக அம்மாவை. அம்மா இறங்கவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை. “ராத்திரில லைட்டு போட்டுக்கினு ஊர்வலமா?”

“ரிப்பேருங்க சாமி. அணைய மாட்டேங்குது” என்றார் மாமா.

அவர் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்கு உதவியாக நானே சொன்னேன். பட்டனுக்குள் சந்தனம் போய்விட்டது, ஸ்பிரிங் சாக்கடையில் விழுந்துவிட்டது, அதனால் டைரக்ட் கொடுத்திருக்கிறோம், போன கரண்ட் பாடி வழியாகத் திரும்பி வருகிறது என்று ஒன்று விடாமல் விளக்கினேன். பெரியவர் முழுதும் கேட்டார். அவ்வளவு பொறுமையாக என் சார்கூடக் கேட்டதில்லை.

“படிக்கிறியா?”

“எட்டாவதுங்க.”

“நல்லா படி” என்றார். அப்பாவைப் பார்த்து, “நல்ல காரியத்துக்குப் போறீங்க, போங்க” என்று தடியை இறக்கினார். சிரித்தார் என்றுதான் நினைவு.

அப்பா திரும்பக் காரில் ஏறவில்லை. வீதி முடிகிற வரை காருக்கு முன்னால், ஹெட்லைட் முதுகில் பட, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். மாமாவுக்கு ரோடு தெரியவில்லை அல்லவா, அவருக்கு வழி காட்டத்தான் நடக்கிறார் என்று நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மாமா நினைத்தது போலவே நடந்தது. கார் நின்றது, கதவு திறந்தது, அக்கா வெளிச்சத்தில் இறங்கினாள். காலனிப் பிள்ளைகள் காரைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். படுக்கையில் இருந்த தாத்தா முன்னால் தட்டு மாற்றினோம். பெரியப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார், யாரோ வருவதை எதிர்பார்ப்பவர் போல. யாரும் வரவில்லை. கிளம்பும்போது பேட்டரி இறங்கிவிட்டது. காலனி இளவட்டங்கள் இருட்டில் வீதி முழுக்கக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து சொசைட்டி தாண்டி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். அத்தனை பேர் தள்ளியும் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. எனக்கு அதுவும் ஒழுக்கமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் பெரியப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவரையும் மாப்பிள்ளையின் அப்பாவையும் ஐந்து நாளாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பெரிய வீதியில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அந்த விஷயத்தை நாம் தீர்த்தால்தான் பையன் வீட்டார் கல்யாணத் தேதி வைப்பார்கள், இல்லையென்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நான் பக்கத்து அறையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு தணிந்ததும் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. குடுத்துருங்க, ஆனா நான் எறங்கி நடந்திருக்கணும்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க என்றாள்.

தீபாவளிக்கு அந்த வருஷம் எனக்குத் துணி எடுக்கவில்லை. போனஸ் எங்கே என்று கேட்டேன். காரு லைட்டுக்குப் போயிருச்சு என்றாள் அம்மா. எனக்கு ஒரே பதற்றமாகிவிட்டது. ஜூஜுவாடி வரை சைக்கிளில் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். பல்பு மூன்று ரூபாய். ஸ்பிரிங்கோடு பட்டன் ஒன்று ஏழு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாலு. பேட்டரி சார்ஜ் செய்யப் பத்து. எப்படிக் கூட்டினாலும் முப்பதைத் தாண்டவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வரும் வரை காத்திருந்து, யாரோ நம்மை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கணக்கோடு சொன்னேன். படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றும் சொன்னேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஆமாப்பா” என்றார். “இனிமே அந்தக் கடைக்குப் போக வேண்டாம்.”

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அடுத்த தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, நான் கல்லூரியில் இருக்கும்போது, அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். அன்று வீதி வழியாகக் காரில் போனதற்காக, வீதிக் கோயிலுக்குக் கட்டச் சொல்லி அப்பாவுக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள். மொய் வைப்பது போல அதற்கும் ஒற்றை ரூபாய் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்: ஐந்நூற்று ஒன்று.